வெளியே வராத சிடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் சிடி தட்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு உள்ளே போனது. பிற்பகல் மூன்றேகாலுக்கு வெளியே வந்தது. இடையில் நடந்ததை நான் பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் வேறு ஏதாவது செய்திருக்கலாம். நாங்கள் செய்யவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்துக்குள் வீடு. அப்பா பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுபவர். முன்பு கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தவர், பிறகு கம்ப்யூட்டர் வாங்கி அதில் வரையக் கற்றுக்கொண்டார். ஜவுளிக் கடைக்காரர்கள் பழைய டிசைனைச் சிடியில் கொண்டுவருவார்கள். அன்னத்தை மயிலாக்க வேண்டும், பார்டரை இரண்டு விரல் அகலமாக்க வேண்டும் என்பார்கள். அப்பா திருத்தித் தருவார்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் கொடுத்த டிசைன் இன்னொருவர் தறியில் ஏறிவிட்டால் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: காப்பி. 'அவன் காப்பி எடுக்கிறவன்' என்று ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால் அந்த வீட்டுக்கு அதன்பின் வேலை வராது. எங்கள் தெருக்கோடியில் அப்படிப் பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். கடைசியில் அவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா எந்தச் சிடியையும் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்ததில்லை. வேலை முடிந்ததும் கடைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று திறந்து காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

அன்று உள்ளே போன சிடி கடைக்காரர் கொடுத்தது அல்ல. அம்மாவின் தலையை எடுத்த ஸ்கேன்.

இரண்டு மாதமாக அம்மாவுக்குத் தலைவலி. வலது கையில் எடுத்த பாத்திரம் நழுவியது. சொற்களும் இடம் மாறின. குழம்பைச் சீப்பு என்றாள். என்னைக் கூப்பிட வாயெடுத்துப் பக்கத்து வீட்டு நாயின் பெயரைச் சொன்னாள். எல்லோரையும்விட முதலில் சிரித்தவள் அவள்தான். ஊர் டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்ததும் சென்னையில் ஒரு பெரிய டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். அந்தப் பெரிய டாக்டர் வெளி நோயாளிகளைப் பார்ப்பது வெள்ளிக்கிழமை மட்டும். மாலை நான்கு மணிக்கு டோக்கன். அவருடைய உதவியாளர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார்: பேப்பரில் எழுதியிருப்பதை அவர் பார்க்க மாட்டார், சிடி வேண்டும், சிடி இல்லாமல் வர வேண்டாம்.

நானும் போவதாக ஏற்பாடு. டாக்டரைப் பார்த்த பிறகு கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அன்று காலை எனக்கு இருந்த கவலை, அலையில் நனைந்தால் மாற்றுப் பாவாடை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதுதான்.

ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் போதும். காலையில் நேரம் இருந்தது. அப்பா சிடியை உறையிலிருந்து எடுத்து, ஓரத்தைப் பிடித்து, தட்டில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. படம் என்றால் அதை அவர் பார்க்க வேண்டும். சிடிக்குள்ளேயே இருந்த ஒரு புரோகிராம் தானாகத் திறந்தது. கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில், குறுக்கே வெட்டிய வாழைத்தண்டு போல வட்டமாக ஒன்று வந்தது. அப்பா அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாக உடைந்தது. டிசைனில் தவறிய புள்ளியைத் தேடுவது போல, மூக்கைத் திரையருகே கொண்டுபோய், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கென்று எடுத்துவைத்திருந்த நைலக்ஸ் புடவையை அதற்குள் கட்டியிருந்தாள்.

"இன்னா, உள்ள மூளை இருக்குதா? இப்பவாச்சும் நம்புறீங்களா?"

"சும்மா இரு."

"நல்லாப் பாருங்க. உங்களக் கட்டிக்கினு வந்த அன்னிக்கி அது இருந்துச்சா இல்லயான்னு எனக்கே டவுட்டு."

நான் சிரித்தேன். அப்பா ஒரு வெள்ளைப் புள்ளியில் அம்புக்குறியை நிறுத்தி வைத்திருந்தார். அது நோயா, எலும்பா, எல்லோருக்கும் இருப்பதா என்று அவருக்குத் தெரியாது. அந்த இடத்திலிருந்து அம்பை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஒன்பதேகாலுக்கு அப்பா சிடி பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு மின்னியது. உள்ளே 'விர்ர்' என்று ஓடி நின்றது. தட்டு வரவில்லை. திரும்ப அழுத்தினார். மவுசால் எஜெக்ட் கொடுத்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி வந்தது. நான்தான் படித்தேன். இந்தச் சிடியை வேறொரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, அதை மூடிவிட்டு முயலவும்.

"யார் யூஸ் பண்றாங்க? எல்லாத்தையும் மூடிட்டேனே" என்றார் அப்பா.

படத்தின் ஜன்னலை அவர் மூடியிருந்தார். ஆனால் புரோகிராம் மூடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டே சிடியைப் பிடித்து வைத்திருந்தது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, ஓடும் புரோகிராம்களின் பட்டியலை வரவழைத்து, அதிலிருந்து அதை நீக்கியிருந்தால் தட்டு அப்போதே வந்திருக்கும். இதை நான் பின்னாளில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், ஒரு சாதாரண மதியத்தில், பக்கத்து மேசைக்காரர் செய்தபோது பார்த்தேன். அவருக்கு அரை நிமிடம் ஆனது. நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அப்பா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். எங்கள் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார ஐந்து நிமிடம் ஆகும். அது முழுதாக வரும்வரை எதையும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். எழுந்தது. எழுந்தவுடன் சிடியும் தானாகச் சுற்றி, அந்தப் புரோகிராம் தானாகத் திறந்து, அம்மாவின் தலை திரும்பத் திரையில் வந்தது. மூடினார். பொத்தானை அழுத்தினார். அதே பெட்டி. இப்படி நான்கு முறை. மின்சாரம் கொடுத்த முதல் சில நொடிகளில், அது எழுவதற்கு முன்பே, பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அந்த நொடிகளில்தான் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

நான்காவது முறை படம் வந்தபோது அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. புளிச்சோற்றை டப்பாவில் அழுத்திக்கொண்டே சொன்னாள்: "எத்தினி வாட்டி காட்டுவீங்க? டிக்கெட் போட்டா காசாச்சும் வரும்."

பத்தே முக்காலுக்குச் சித்தப்பா வந்தார். மூன்றாவது வீட்டில் தறி. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டின் முன்பக்கம், பொத்தானுக்குப் பக்கத்தில், ஊசித்துளை அளவுக்கு ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தது அவர்தான்.

"அண்ணே, இது இன்னாத்துக்கு இருக்குது?"

"தெரியல."

"சும்மா ஓட்ட போட மாட்டான்ணே. உள்ள எதையாச்சும் வுட்டுத் தள்ளத்தான் வச்சிருப்பான்."

சித்தப்பா சொன்னது சரி. அந்த ஓட்டை அதற்குத்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நிமிர்த்திய காகிதக் கிளிப் ஒன்றை நேராக உள்ளே விட்டு மெல்லத் தள்ளினால் தட்டு ஒரு விரல் அளவு வெளியே வரும். மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் காகிதக் கிளிப் கிடையாது. ஊக்கு தடிமன், நுழையவில்லை. தையல் ஊசி நீளம் போதவில்லை. சித்தப்பா ஓடிப்போய்த் தன் தறியிலிருந்து இழை வாங்கும் கொக்கியைக் கொண்டுவந்தார். மெல்லிய எஃகுக் கம்பி. முனையில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு, ஒரு சிறு வளைவு. தறியில் பாவு நூலைப் பூட்டும்போது ஒவ்வொரு இழையையும் அதற்கான சிறு துளைக்குள் மாட்டி இழுத்து எடுப்பது அதை வைத்துத்தான்.

சித்தப்பாவின் விரல்கள் தடித்தவை. அப்பா பிடித்துப் பழகியது பென்சிலும் மவுசும். நான் லீவு நாட்களில் சித்தி எதிரில் உட்கார்ந்து இழை வாங்கியிருக்கிறேன். கொக்கியை என்னிடம் கொடுத்தார்கள்.

"மெதுவா, கண்ணு. நூல் வாங்குற மாதிரிதான்" என்றார் சித்தப்பா.

நூல் வாங்குகிற மாதிரிதான் செய்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கொக்கியை உள்ளே விட்டேன். ஏதோ மிருதுவாகத் தட்டுப்பட்டது. அழுத்தியதும் அது பின்வாங்கியது. தட்டின் மேல் விளிம்பு ஒரு நூலளவு முன்னால் வந்ததை நான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் போதும். ஆனால் கொக்கி கையில் இருந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த அடுத்த வேலை ஒன்றுதான். உள்ளே விட்டு, மாட்டி, இழுப்பது. நான் இழுத்தேன்.

'டிக்' என்று கேட்டது. அதன்பின் உலோகம் உரசுகிற ஒரு நீண்ட சத்தம். தட்டு திரும்ப உள்ளே போய் இறுகியது. என் கையில் இருந்த கம்பி முன்பைவிடக் குட்டையாக இருந்தது. திரையில் அம்மாவின் படம் உறைந்து நின்று, பிறகு வெறும் கறுப்பானது.

யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். அப்பா சைக்கிளில் போனபோது மணி பன்னிரண்டேகால். கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அப்பா அந்தப் பாதி ஷட்டருக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். அங்கிருந்தே உதவியாளருக்குப் போன் செய்திருக்கிறார். டாக்டர் ஆறு மணி வரை இருப்பார், அதற்குள் வந்தால் கடைசியாக விடுகிறேன் என்று அவர் சொன்னாராம். மூன்று மணிக்குக் கிளம்பினால்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார்.

வீட்டில் நாங்கள் காத்திருந்தோம். அம்மா புடவையை மாற்றவில்லை. தலையில் வைத்திருந்த பூவையும் எடுக்கவில்லை. ஒரு மணி பஸ் போயிருக்கும் என்று நான் சொன்னபோது, "போவட்டும், அதுல கூட்டமா இருக்கும்" என்றாள். பிறகு, "கடலு எங்கயும் போவாதுமா" என்றாள். அன்று முழுக்க அவள் பேசிய வாக்கியங்களில் ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. சிலவற்றை நான் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

இரண்டே காலுக்குப் பாய் வந்தார். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, கையில் ஸ்குரூ டிரைவர் பை. தொழுகை முடிந்து சாப்பிடாமலே வந்திருந்தார். அம்மா புளிச்சோற்று டப்பாவைத் திறந்து தட்டில் வைத்துக் கொடுத்தாள். வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றார்.

மூடியைக் கழற்றி, வயர்களைப் பிடுங்கி, சிடி டிரைவை வெளியே எடுத்துக் கவிழ்த்தார். லேசாக ஆட்டினார். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது.

"இதுல யாரு கை வெச்சது?"

சித்தப்பா, "நான்தான் பாய்" என்றார்.

பாய் டிரைவை மேசைமேல் வைத்தார். நான்கு ஸ்குரூக்களைக் கழற்றி, தகரத்தைத் தூக்கி, தட்டை விரலால் இழுத்தார். மூன்றேகால். சிடி வெளியே வந்தது. அதன் பளபளப்பான பக்கத்தில், கவராயத்தால் போட்டது போல, துல்லியமான அரைவட்டக் கீறல். நடுத்துளையிலிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல். கொக்கியின் முனை தட்டின் பள்ளத்தில் கிடந்தது. பாய் சிடியை வெளிச்சத்தில் பிடித்தார். விரிசல் வழியாக ஜன்னல் தெரிந்தது.

"இது அவ்ளோதான் மாஸ்டர். இனிமே எதுலயும் ஓடாது."

அப்பா சிடியை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"காலைல படம் தெரிஞ்சிதுன்னு சொன்னீங்கல்ல?" என்றார் பாய்.

"நல்லாத் தெரிஞ்சிது. நாலு வாட்டி வந்துச்சு."

"அப்ப பரவால்ல. காப்பி இருக்குதுல்ல?"

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "காப்பித்தூள் இல்ல பாய். டீ வெக்கட்டுமா?"

விளையாட்டாகச் சொன்னாளா, அவளுக்கு அப்படித்தான் கேட்டதா என்பதை நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. சித்தப்பா மட்டும் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அதில்லமா" என்ற பாய் அப்பாவிடம் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வெச்சிருப்பீங்கல்ல? அத வேற சிடில ஏத்திக் குடுத்துர்றேன். அஞ்சு நிமிசம்."

அப்பாவின் முகம் மாறியது. கடைக்காரர்கள் யாராவது தப்பாகப் பேசிவிட்டால் அப்படித்தான் மாறும்.

"நான் யாரோடதையும் காப்பி எடுக்கிறவன் இல்ல பாய். இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். ஊருல கேட்டுப் பாருங்க."

பாய் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"மாஸ்டர், இது உங்க வீட்டம்மா தல மாஸ்டர்."

 பாய்தான் சொல்லி முடித்தார். சிடி வெளியே வர வேண்டும் என்று எந்த அவசியமும் இருக்கவில்லையாம். அது உள்ளே மாட்டியிருந்த நேரமெல்லாம் படம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டுப் பையில் வைத்திருக்கலாம். சிடி அடுத்த வாரம் வந்திருக்கும், வராமலே கூடப் போயிருக்கும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாய் அப்பாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனார். சிடி போட்டுத் தருகிறவர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தபோது நான்கரை. பாய் புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா புடவையை மாற்றிக்கொண்டாள். "ஒரு வாரந்தானே. தல எங்க போவப்போவுது?" என்றாள்.

திங்கட்கிழமை புதுச் சிடி வந்தது. அப்பா அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

புதன்கிழமை காலை அம்மா குடத்தோடு குழாயடியில் விழுந்தாள்.

சென்னையில் வேறொரு ஆஸ்பத்திரியில் அன்றே தலையைத் திறந்தார்கள். உயிர் தங்கியது. அதற்குப் பின் அம்மா ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் அவளிடம் நான்கு சொற்கள் இருந்தன. 'வா', 'இல்ல', 'போதும்', பக்கத்து வீட்டு நாயின் பெயர். அந்தப் பெயரால்தான் என்னைக் கூப்பிட்டாள். அது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. நான் உடனே போய் நிற்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை, அதாவது டோக்கன் தவறி ஒரு வாரம் கழித்து, அப்பாவும் சித்தப்பாவும் புதுச் சிடியை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனார்கள். இனி அவர் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று யாரோ கேட்டதற்கு, பார்க்கட்டும் என்று மட்டும் அப்பா சொன்னாராம். சித்தி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தாள். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. ஏன் என்று சித்தி கேட்டாள். குளிருது என்றேன். சித்திரை மாதம்.

மாலையில் அப்பா வந்தார். நேராக என்னிடம் வந்து, கேன்டீனுக்குப் போகலாம் என்றார். நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு நான்கு இட்லி வந்த பிறகு அவரே சொன்னார்.

"டாக்டர் நல்லாப் பாத்துட்டாருமா. போன வாரமே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்குமாம். சிடியால ஒண்ணும் இல்லியாம். அவரே சொல்லிட்டாரு."

பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் அதைப் பல வருடங்கள் வைத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு, அப்பாவும் இல்லாமல் போன பிறகு, ஒரு பேச்சுக்கிடையில் சித்தப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்டியா சொன்னாரு உங்கப்பா? டாக்டரு அப்டி ஒண்ணும் சொல்லலியே கண்ணு. படத்தப் பாத்தாரு. 'டோக்கன் போட்டுட்டு ஏன் போன வாரம் வரல'ன்னு கேட்டாரு. அவ்ளோதான். உங்கப்பா வாயத் தொறக்கல."

கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது தெரியாது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பசித்தது. நான்கையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இரண்டு வேண்டும் என்றேன். அப்பா எழுந்துபோய் வாங்கி வந்து, வாளியிலிருந்து அவரே சாம்பார் ஊற்றினார். அவருக்கு முன்னால் இலை இல்லை. நீங்கள் சாப்பிடவில்லையா என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.